எட்டரைக்குப் புறப்பட்டு எட்டு ஐம்பதுக்கு

லண்டனில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் விமானச் சீட்டு கிடந்தது. அக்காவின் பேரனுக்கு ஏழு வயது. அதை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, இருபது நிமிசத்திலயோ வந்தனீங்கள்?" என்று கேட்டான். பாரிஸ் புறப்பாடு 8.30, லண்டன் வருகை 8.50. அவன் கழித்த கழித்தலில் பிழையில்லை. ஆனால் நான் அன்று வீட்டுக் கதவைப் பூட்டியது விடிய ஐந்து நாற்பதுக்கு. அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பாரிஸ் நேரத்துக்கு 11.35.

இருபது நிமிடத்தின் ரகசியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் மணிக்கூடு லண்டன் மணிக்கூட்டை விட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. நிலப்படத்தைப் பார்த்தால் இதற்கு ஒரு நியாயமும் இல்லை. கிரீன்விச் கோடு இங்கிலாந்தைத் தாண்டி பிரான்சுக்குள்ளும்தான் இறங்கிப் போகிறது. 1911-ல் பிரான்ஸ் கிரீன்விச் நேரத்துக்கு மாறியது. ஆனால் ஆங்கிலேயன் ஊரின் பெயரைச் சட்டத்தில் எழுத மனம் வரவில்லை. பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது என்று எழுதிக்கொண்டார்கள். 1940-ல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்தது, பெர்லின் நேரத்தையும் கூடவே கொண்டுவந்தது. படை போன பிறகும் அந்த ஒரு மணி நேரம் பாரிஸிலேயே தங்கிவிட்டது. எங்கள் பேரன் வாசித்த இருபது நிமிடத்துக்குள் ஒரு உலகப் போர் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவன் ஐபேடுக்குப் போய்விட்டான்.

நான் பாரிஸுக்கு வந்தது 1990-ல். பத்து வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதப் போனேன், இன்றும் அதே வேலைதான். கொழும்பிலிருந்து வரும் பெட்டிகள் எத்தனை மணிக்கு வந்தன, எத்தனை மணிக்கு இறக்கினோம் என்று குறித்துவைத்துப் பழகியதால், சொந்தப் பயணங்களையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதுகிறேன். மனைவிக்கு இது விசர்ப் பழக்கம். ஆனால் லண்டன் போக விமானம் நல்லதா ரயில் நல்லதா என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்று மாதத்தில் ஒருவராவது லண்டன் போகாத குடும்பம் எங்களுக்குள் குறைவு. கேட்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றே: "பிளேன் ஒண்டேகால் மணித்தியாலம்தானே."

அந்த ஒன்றேகால் மணி நேரத்தோடுதான் எனக்கு வழக்கு.

லண்டனுக்கும் பாரிஸுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 344 கிலோமீட்டர். சார்ல் து கோல் ஓடுபாதையிலிருந்து ஹீத்ரோ ஓடுபாதைக்கு எடுத்தாலும் அதே அளவுதான், இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட இருக்கலாம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 26 நிமிடம். அந்த வேகத்தை எட்டி, அதிலேயே நின்று, அதிலேயே இறங்க முடிந்தால் 26 நிமிடம். நடப்பது வேறு. ஏறி முடித்து வயிறு நிமிருமுன் இறங்கத் தொடங்கிவிடும். நேர்க்கோட்டிலும் பறப்பதில்லை, வகுத்த வான்வழியில் வளைந்து போகும். அன்றைய பயணத்தில் சக்கரம் நிலத்தை விட்டதற்கும் திரும்பத் தொட்டதற்கும் இடையே 48 நிமிடம் என்று கொப்பியில் இருக்கிறது.

அப்படியானால் சீட்டில் ஏன் ஒரு மணி இருபது? விமானக் கம்பனிகள் அச்சிடுவது பறக்கிற நேரம் அல்ல. வாசலில் நிற்கும் விமானம் பின்னுக்கு நகரும் கணத்திலிருந்து மறு வாசலில் போய் நிற்கும் கணம்வரை உள்ளது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் முறைக்காகக் காத்துக் கிடப்பதும் அதற்குள் அடக்கம். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள், விடிந்தால் இருட்டும்வரை நிறைந்தே இருக்கும். அதனால் லண்டனைச் சுற்றி நாலு இடங்களின் மேலே, பொவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிக்கின், வருகிற விமானங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வட்டமிட வைக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம் போகும். ஜன்னலோரத்தில் இருந்து கீழே ஒரே பச்சை வயலை மூன்று தரம் பார்த்தால், அடுக்கில் நிற்கிறீர்கள் என்று பொருள். இதையெல்லாம் கணக்கில் வைத்து, மேலே கொஞ்சம் தாராளமும் போட்டு நேரம் எழுதுகிறார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் பிந்தினால் 'நேரத்துக்கு வந்தது' என்ற கணக்கில் சேரும். எங்கள் கடையில் நிறுவையில் கை வைத்தால் சனம் கேள்வி கேட்கும். வானத்தில் கை வைத்தால் அதற்குப் பெயர் கால அட்டவணை.

கொப்பியில் உள்ளதை அப்படியே தருகிறேன். என் வீடு லா கூர்னேவில். விமான நிலையம் போகிற ஆர்.ஈ.ஆர் 'பி' வழித்தடம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அக்கா வீடு ஹரோவில், ஹீத்ரோ பக்கம், அத்தான் கார் கொண்டுவருவார். அதாவது விமானத்துக்கு இதைவிடச் சாதகமான ஆள் பாரிஸில் கிடைக்கமாட்டான். வீட்டிலிருந்து 5.40. விமான நிலையம் 6.25. கடவுச்சீட்டு, இடுப்புப் பட்டி, தண்ணீர்ப் போத்தல், சப்பாத்து எல்லாம் முடித்து வாசலில் உட்கார்ந்தபோது 7.30. விமானம் நகர்ந்தது 8.34, மேலே எழுந்தது 8.55, நிலம் தொட்டது 9.43, கதவு திறந்தது 9.57. லண்டன் நேரத்துக்கு 8.57, ஏழு நிமிடப் பிந்தல், ஆகவே 'நேரத்துக்கு'. குடிவரவு வரிசையும் பெட்டியும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தின்றன. அத்தானின் கார் முக்கால் மணி நேரம். அக்கா வீடு லண்டன் நேரம் 10.35. மொத்தம் 355 நிமிடம். அதில் பறந்தது 48.

அடுத்த மாதம் ரயிலில் போனேன். வீட்டிலிருந்து 6.35. கார் து நோர் 7.00. பிரெஞ்சுக்காரர் ஒரு முத்திரை, இருபது அடி தள்ளி ஆங்கிலேயர் ஒரு முத்திரை, இரண்டும் பாரிஸ் நிலையத்துக்குள்ளேயே முடிந்துவிடும். 8.12-க்கு ரயில். சென்ட் பாங்க்ரஸில் இறங்கியது லண்டன் நேரம் 9.30. அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை, பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே கீழே இறங்கி மெட்ரோபொலிட்டன் வண்டி பிடித்தால் ஹரோ. அக்கா வீடு 10.25. மொத்தம் 290 நிமிடம். அறுபத்தைந்து நிமிடம் மிச்சம். அதைவிட, காலையில் கிட்டத்தட்ட ஒரு மணி நேர நித்திரை மிச்சம். ரயில் ஓடிய பாதை 492 கிலோமீட்டர். நேர்க்கோட்டை விட நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கூட ஓடி, என்னை முந்திக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இது எனக்குப் புதிதாகத் தெரிந்த விசயம். ஆனால் இந்த இரண்டு நகரங்களுக்குப் புதிதல்ல. என் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் லு பூர்ஜே. 1919 ஆகஸ்ட் 25 அன்று உலகின் முதல் தினசரிச் சர்வதேசப் பயணி விமானச் சேவை தொடங்கியபோது வந்து இறங்கிய இடம் அது. புறப்பட்ட இடம் லண்டனின் ஹவுன்ஸ்லோ ஹீத், இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்தில். போர்க்காலக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் திருத்தி மூடிபோட்டு, ஒரு பத்திரிகையாளரையும் செய்தித்தாள் கட்டுகளையும் டெவன்ஷயர் பாலாடையையும் வேட்டையாடிய பறவைகளையும் ஏற்றினார்கள். காலை 9.10-க்கு எழும்பி 11.40-க்கு இறங்கியது. இரண்டரை மணி நேரம். இன்றைய ரயிலை விடப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் கூட. நூறு வருடத்து எஞ்சின் வளர்ச்சி முழுவதும் வானத்தில் நடந்து முடிந்தது, அந்த இரண்டரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது மண்ணுக்கடியில் போகிற தண்டவாளம்.

லு பூர்ஜேயில் இப்போது வானூர்தி அருங்காட்சியகம் இருக்கிறது, கொன்கோர்ட் விமானத்தையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஞாயிறு பின்னேரங்களில் போவேன். அந்தக் காலத்து விமானிகளுக்கு வான்வழி என்று ஒன்று கிடையாது, கீழே தெரிகிற தெருவையும் ரயில் பாதையையும் பார்த்து ஓட்டினார்கள். 1922 ஏப்ரல் 7 அன்று பிக்கார்டி வயல்களுக்கு மேல் மூடுபனிக்குள் பாரிஸிலிருந்து போனதும் லண்டனிலிருந்து வந்ததும் மோதி ஏழு பேர் செத்தார்கள். இரண்டு பயணி விமானங்கள் நடுவானில் மோதியது அதுதான் முதல் தடவை. வானத்திலும் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று வகுக்கிற பேச்சு அதன்பிறகே வேகம் பிடித்தது. இன்று என் விமானம் வளைந்து போவதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. அந்த வளைவு உயிர்களால் வந்தது. சீட்டில் எழுதுகிற நேரத்தைப் பற்றித்தான் முறைப்பாடு.

ரயிலும் ஒரே நாளில் வேகமாகிவிடவில்லை. கடலடிச் சுரங்கம் திறந்தது 1994 மே 6. பயணி ரயில் ஓடத் தொடங்கியது அதே வருடம் நவம்பர் 14. பிரான்ஸ் பக்கம் மணிக்கு 300 கிலோமீட்டரில் பறந்து வந்த வண்டி, கடலுக்கடியில் 38 கிலோமீட்டரைத் தாண்டி இங்கிலாந்தில் தலை நீட்டியதும் கென்ட் மாவட்டத்து உள்ளூர் வண்டிகளுக்குப் பின்னால் நொண்டும். நான் அதில் முதல் தடவை போனது 1996-ல், மூன்று மணி நேரம். பிரெஞ்சுக்காரர்களை நெப்போலியன் தோற்ற ஊரின் பெயர் வைத்த வாட்டர்லூ நிலையத்தில் இறக்கிவிடுகிற குசும்பும் அப்போது இருந்தது. 2003-ல் ஒரு துண்டு, 2007 நவம்பரில் மறு துண்டு என்று இங்கிலாந்து தன் பக்கத்து அதிவேகப் பாதையைக் கட்டி முடித்தது. வாட்டர்லூவை விட்டு சென்ட் பாங்க்ரஸுக்கு வந்தார்கள், பயணம் இரண்டேகால் மணிக்கு இறங்கியது. நாற்பது நிமிடத்துக்கு மேல் குறைக்க ஒரு நாடு பதின்மூன்று வருடம் எடுத்தது. அதில் பத்து நிமிடத்தை நிலையத்து வரிசையில் விடுவது எவ்வளவு சுகம் என்பதையும் இப்போது பார்க்கிறோம். 2021 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய அடையாள அட்டை பிரித்தானியாவுக்குச் செல்லாது. 2025 ஏப்ரலிலிருந்து பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்காரனும் முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும், பத்துப் பவுண்டு என்று தொடங்கி ஒரு வாரத்திலேயே பதினாறாக்கினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் பிரித்தானியர்கள் இந்தப் பக்கம் வர விரல் ரேகை. கடலைத் துளைத்தவர்களுக்கு மேசையைத் துளைக்க வழி தெரியவில்லை.

சட்டம் இந்த நேரத்தை எப்படி அளக்கிறது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி விமானம் பிந்தினால் நட்டஈடு உண்டு. 1,500 கிலோமீட்டர்வரை 250 யூரோ. ஆனால் போய்ச் சேருவது மூன்று மணி நேரம் பிந்த வேண்டும். 48 நிமிடம் பறக்கிற விமானம் இரண்டு மணி ஐம்பது நிமிடம் பிந்தினால் ஒரு சதமும் இல்லை. எனக்கு அப்படி நடந்திருக்கிறது. கம்பனியின் பெயர் வேண்டாம். ஒரு சாண்ட்விச் கூப்பன் தந்தார்கள், அதை மாற்றப் போன கடை பூட்டியிருந்தது. ரயிலுக்கு வேறு விதி: ஒரு மணி நேரம் பிந்தினாலே சீட்டுப் பணத்தில் கால்வாசி, இரண்டு மணி நேரமானால் பாதி. ஒரே இரண்டு நகரங்கள், ஒரே பயணி. தண்டவாளத்தில் அவனுடைய ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு, வானத்தில் இல்லை. 2025 ஜூனில் ஒன்றியத்தின் போக்குவரத்து அமைச்சர்கள் இந்த மூன்று மணியை நாலாக்கவே கூடி இசைந்தார்கள்.

நீதிமன்றம் ஒருமுறை இந்த விசயத்தில் என் கட்சிக்கு அருகில் வந்தது. சால்ஸ்பேர்க்கிலிருந்து கொலோன்-பொன் போன விமானம். சக்கரம் நிலத்தைத் தொட்டபோது பிந்தல் இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது மூன்று மணி மூன்று நிமிடம். போய்ச் சேர்ந்த நேரம் எது? கம்பனி முதலாவதைச் சொன்னது. 2014 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: விமானத்தின் கதவுகளில் ஒன்றாவது திறக்கும் நேரம். அதுவரை பயணி அடைபட்டுக் கிடக்கிறான், தன் விருப்பப்படி எதுவும் செய்ய முடியாது என்பது காரணம். படித்தபோது கை தட்டலாம் போல இருந்தது. ஆனால் கதவு திறந்த பிறகும் நான் பெட்டி வரும் பட்டியின் முன் அடைபட்டுத்தானே நிற்கிறேன்? விடிய ஐந்து நாற்பதிலிருந்தே அடைபட்டவன்தானே?

என் கோரிக்கை பெரிதல்ல. இந்த இரண்டு நகரங்களுக்கும் சீட்டு விற்கிற எவரும், விமானமோ ரயிலோ பஸ்ஸோ, நகர நடுவிலிருந்து நகர நடுவரை ஆகும் நேரத்தை அச்சிட வேண்டும். எத்தனை மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்களோ அதையும் சேர்த்து. விமான நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் நேரத்தையும் சேர்த்து. 'பாரிஸ்-போவே' என்று பெயர் வைத்து, பாரிஸுக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிற இடத்தில் இறக்குகிறவர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும். சீனி மூட்டையில் சாக்கின் நிறையைக் கழித்து எழுது என்று கடைக்காரனுக்குச் சட்டம் சொல்கிறது. இங்கே சாக்கைத்தான் மறைக்கிறார்கள், அதுவும் சீனியை விடக் கனமான சாக்கு.

பிரான்ஸ் ஒரு அடி எடுத்துவைத்தது உண்மை. 2023 மே மாத ஆணைப்படி, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய இடங்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது. நல்ல கோடுதான், ஆனால் அதற்குள் விழுந்தது ஓர்லியிலிருந்து லியோன், நான்ட், போர்தோ என்ற மூன்று வழிகள் மட்டும். லண்டன் வெளிநாடு, அதனால் இந்தக் கோடு இங்கே செல்லாது. லண்டன் விமானத்தைத் தடை செய் என்று நானும் சொல்லமாட்டேன். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து ஹீத்ரோவில் மாறி பாரிஸ் போகிறவன் பெட்டியோடு சென்ட் பாங்க்ரஸுக்கு அலைய வேண்டியதில்லை. அவனுக்கு அந்த விமானம் வேண்டும்.

ரயிலைப் பாராட்டுகிற என்னிடம் கடையில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. செத்தவீட்டுக்கு நாளைக்குப் போக வேண்டும், நாலு பேர், ரயில் சீட்டு என்ன விலை? இரண்டு மாதம் முன்னால் எடுத்தால் மலிவு, ஆனால் சாவு இரண்டு மாதம் முன்னால் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சுரங்கத்தில் பயணி ரயில் ஓட்டுவது இன்றைக்கும் ஒரே நிறுவனம். இன்னொன்றுக்கு லண்டனில் வண்டி நிறுத்தும் கொட்டகையில் இடம் கொடுக்க பிரித்தானிய ஒழுங்குமுறை அலுவலகம் 2025 அக்டோபர் கடைசியில்தான் இசைந்தது. அது ஓடத் தொடங்குகிறவரை எங்கள் சனம் இரவு பஸ்தான். எட்டு ஒன்பது மணி நேரம், நடுச்சாமத்தில் கலேயில் எழுப்பி இறக்கி, கடவுச்சீட்டைக் காட்டவைத்து, திரும்ப ஏற்றுவார்கள். போன மாசியில் நானும் அப்படித்தான் ஒரு சாவுக்குப் போய் வந்தேன். கொப்பியில் 640 நிமிடம் என்று இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் வெற்றிலைப்பெட்டி திறந்தார் என்பதையும் எழுதியிருக்கிறேன், ஏனென்று தெரியவில்லை.

வருகிற பங்குனியில் அக்காவின் பேத்திக்குச் சாமத்தியவீடு. ரயில் சீட்டு இப்போதே எடுத்துவிட்டேன். நேற்று அக்கா தொலைபேசியில் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டார். ஒன்பதரைக்கு லண்டன் என்றேன். "அது எனக்குத் தேவையில்லை. ஹரோ ஸ்டேஷனில இறங்கிப்போட்டு அடி, அதுக்குப் பிறகுதான் நான் இடியப்பத்துக்கு மா குழைப்பன்" என்றார்.